ஏழு பேர் போகும் வண்டி: ஏமாறாமல் வாங்க என்ன வழி?

புதுவைக்கு மேற்கே, சங்கராபரணி ஆற்றங்கரையில் இருக்கிறது செல்லிப்பட்டு. வயலும் தோப்பும் சூழ்ந்த கிராமம். பிரெஞ்சுக்காரர் காலத்துப் படுகை அணையால் பெயர் பெற்ற ஊர்.

இந்த ஊரிலும் இதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கூட்டுக் குடும்பங்கள் இன்னும் மறையவில்லை. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், மூன்று பிள்ளைகள் என்றால் ஏழு பேர். வீட்டில் இருப்பதோ ஒரு மோட்டார் சைக்கிள்.

தாத்தாவுக்குக் கண் பார்க்க ஜிப்மருக்குப் போக வேண்டும். அமாவாசைக்கு மேல்மலையனூர் போக வேண்டும். வில்லியனூர் தேருக்கும், திருக்காஞ்சி மாசி மகத்துக்கும், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கும் எல்லோரும் சேர்ந்து போக வேண்டும். பஸ்ஸில் பாட்டியால் ஏற முடியவில்லை. மோட்டார் சைக்கிளில் நான்கு பேர் தொங்கிக்கொண்டு போவது உயிருக்கு ஆபத்து.

ஆகவே, "ஏழு பேர் போகிற மாதிரி ஒரு பழைய வண்டி வாங்கினால் என்ன?" என்ற எண்ணம் எழுகிறது. இந்த ஆசையில் தவறு இல்லை. ஆனால் அவசரப்பட்டு வாங்கினால் வண்டியும் நிற்காது, பணமும் நிற்காது. நகையை அடகு வைத்து வாங்கிய வண்டி கொல்லையில் துருப்பிடித்துக் கிடக்க, வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் கதி எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது.

வெளிநாட்டு வண்டி எட்டாக்கனி

புதுவை மக்களுக்கும் பிரான்சு நாட்டுக்கும் உள்ள உறவு பழையது. பல குடும்பங்களுக்கு அங்கே உறவினர் உண்டு. அங்கே 1984-ல் ரெனோ கம்பெனி "எஸ்பாஸ்" என்ற ஏழு பேர் வண்டியைக் கொண்டுவந்தது. அதுபோன்ற வண்டிகள் அங்கே பழையதாக மலிவு விலைக்குக் கிடைக்கும். "அதில் ஒன்றைக் கப்பலில் அனுப்பச் சொன்னால் என்ன?" என்று சிலர் கேட்பது உண்டு.

அது நடக்காத காரியம். பிரான்சில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். அதனால் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். இந்தியாவில் இறக்குமதி செய்யும் பழைய வண்டிக்கு ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பது விதி. வண்டி தயாராகி 3 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது. மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் இறக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலே சுங்க வரி. வண்டி விலையைவிட வரி அதிகம்!

இலங்கையில் நிலைமை வேறு. ஜப்பானைப் போலவே அங்கும் வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன. ஆகவே ஜப்பானில் ஓடிய டொயோட்டா ஹையேஸ் போன்ற வேன்கள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஏராளம். ஆனால் 2020 மார்ச்சில் அந்நிய செலாவணி நெருக்கடியால் அங்கே வண்டி இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025-ல்தான் தனியார் வண்டிகளுக்குக் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வேன்களின் விலை மலைபோல் ஏறிவிட்டது. வெளியிலிருந்து வரும் பொருளை நம்பியிருந்தால் இதுதான் தொல்லை.

எப்படியோ இந்தியாவுக்குள் வந்துவிட்ட இறக்குமதி வண்டி ஒன்று பழைய விலைக்குக் கிடைத்தாலும், ஏழைக் குடும்பத்துக்கு அது யானை கட்டித் தீனி போடுவது போலத்தான். 15 ஆண்டு முடிந்த உள்நாட்டுக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 5,000 ரூபாய். இறக்குமதிக் காருக்கோ 40,000 ரூபாய். 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் இது முறையே 10,000, 80,000 என்று உயர்ந்தது. ஒரு கண்ணாடி உடைந்தாலும் உதிரிப் பாகம் கடல் கடந்து வர வேண்டும்.

டொயோட்டா என்றால் ஜப்பான் வண்டி என்று சிலர் நினைக்கிறார்கள். பெயர்தான் ஜப்பான். குவாலிசும் இன்னோவாவும் பெங்களூரை அடுத்த பிடதியில் தயாரானவை. பேரைக் கேட்டு மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

டில்லியிலிருந்து வரும் வண்டி

வெளிநாட்டு வண்டி வராவிட்டாலும் வெளிமாநில வண்டி வருகிறது. "டில்லி வண்டி, பாதி விலை" என்று தரகர்கள் ஆசை காட்டுகிறார்கள். ஏன் பாதி விலை?

டில்லியில் காற்று மாசு கடுமை. அதனால் 10 ஆண்டைத் தாண்டிய டீசல் வண்டிகளும், 15 ஆண்டைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகளும் அங்கே ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பிறகு அந்த உத்தரவில் சில தளர்வுகள் வந்தன. ஆனால் வயதான டீசல் வண்டிகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடும் வழக்கம் அதற்குள் வேரூன்றிவிட்டது. அப்படித் தெற்கே வந்த வண்டிகள் பல.

எல்லா டில்லி வண்டியும் மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் வண்டி விலையோடு செலவு முடிவதில்லை. பழைய பதிவு அலுவலகத்திலிருந்து தடையின்மைச் சான்று, அதாவது என்.ஓ.சி., வாங்க வேண்டும். புதுவையில் சாலை வரி கட்ட வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதுவைப் பதிவு எண் வாங்கியே ஆக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். என்.ஓ.சி. இல்லாத வண்டியை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

இது டில்லி வண்டிக்கு மட்டும் அல்ல. செல்லிப்பட்டிலிருந்து சிறிது தூரம் போனாலே தமிழ்நாட்டு எல்லை. மண்ணாடிப்பட்டுக் கொம்யூனில் வீடு புதுவையில், நிலம் விழுப்புரம் மாவட்டத்தில் என்று இருப்பவர்கள் உண்டு. பேச்சும் உறவும் எல்லையைப் பார்ப்பதில்லை. ஆனால் வரி பார்க்கும். திருக்கனூரில் இருப்பவர் விழுப்புரத்தில் வண்டி வாங்கினாலும் அது வெளிமாநில வண்டிதான்.

வேண்டுமா, வேண்டாமா?

எந்த வண்டி என்று யோசிக்குமுன், வண்டி வேண்டுமா என்று யோசிக்க வேண்டும். அதற்கு ஒரு பென்சிலும் காகிதமும் போதும்.

3 லட்ச ரூபாய் வண்டி என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 30,000 ரூபாயாவது அதன் மதிப்புக் குறையும். காப்பீடு 4,000 ரூபாய். டயர், பேட்டரி, ஆயில், ரிப்பேர் என்று 20,000 ரூபாய். ஆக, வண்டி வாசலில் நின்றாலே ஆண்டுக்கு 54,000 ரூபாய்.

ஆண்டுக்கு 8 தடவை மட்டும், தடவைக்கு 150 கிலோ மீட்டர் போகிற குடும்பம் என்றால், எரிபொருள் 8,000 ரூபாய் ஆகும். மொத்தம் 62,000. அதே 8 தடவையும் 3,500 ரூபாய் கொடுத்து வாடகை வேனில் போனால் 28,000 ரூபாயில் முடிந்துவிடும். டிரைவரும் சேர்த்து! இந்தக் குடும்பத்துக்குச் சொந்த வண்டி தேவை இல்லை.

ஆண்டுக்கு 30 தடவை போகிற குடும்பம் என்றால் கணக்கு மாறும். வாடகை 1,05,000 ரூபாய். சொந்த வண்டிக்கு எரிபொருள் 30,000 சேர்த்தாலும் 84,000 ரூபாய்தான். இந்தக் குடும்பம் வாங்கலாம்.

நடுராத்திரியில் நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்பார்கள். அதற்கு 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. காசு இல்லை. நோயாளிக்கு வழியிலேயே முதலுதவியும் கிடைக்கும். அந்தப் பயத்துக்காக மட்டும் கடன் வாங்கி வண்டி வாங்க வேண்டியதில்லை.

வாங்குவது என்று முடிவானால், கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்காரரிடம் கொடுத்துவிடக்கூடாது. 3 லட்சம் இருந்தால் இரண்டரை லட்சத்துக்குள் வண்டி பார்க்க வேண்டும். மீதி 50,000 ரூபாய் முதல் வருட ரிப்பேருக்கும் பேர் மாற்றவும் கையிருப்பாக இருக்கட்டும்.

எந்த வண்டி?

பழைய வண்டிச் சந்தையில் ஏழு பேர் வண்டிகள் பல உண்டு.

2005-ல் வந்த இன்னோவா உழைப்புக்குப் பேர் போனது. 3 லட்சம் கிலோ மீட்டர் ஓடியும் ஓடிக்கொண்டிருப்பவை உண்டு. ஆனால் குறைந்த விலைக்கு வரும் இன்னோவாக்கள் 15 வயதை எட்டியவை அல்லது தாண்டியவை. பல, டாக்சியாக ஓடிப் பிறகு சொந்த வண்டியாக மாற்றப்பட்டவை. என்ஜின் 1,500 சி.சி.க்கு மேல் என்பதால், 2022-ல் வகுத்த கட்டணப்படி மூன்றாம் நபர் காப்பீட்டுக்கே ஆண்டுக்கு 7,897 ரூபாய். வரி தனி.

2012-ல் வந்த மாருதி எர்ட்டிகா சிறு குடும்பத்துக்குக் கட்டுபடியாகும். அதே காப்பீடு இதற்கு 3,416 ரூபாய். மெக்கானிக்கும் உதிரிப் பாகமும் எங்கும் கிடைக்கும். கடைசி வரிசையில் பெரியவர்கள் நெடுந்தூரம் உட்கார முடியாது. பிள்ளைகளுக்குச் சரி.

2019-ல் வந்த ரெனோ டிரைபர் இன்னும் சிறியது. என்ஜின் 1,000 சி.சி.க்குள் அடங்கும். காப்பீடு 2,094 ரூபாய். ஏழு பேரும் ஏறி மேடு ஏறினால் சற்றுத் திணறும்.

மாருதி ஈகோ 2010-ல் வந்தது. விலை குறைவு, ரிப்பேர் எளிது. சொகுசு கிடையாது.

ஆம்னி வேனின் தயாரிப்பு 2019-ல் நின்றது. முன்னால் மோதினால் தடுக்க அதில் ஒன்றும் இல்லை. ஓட்டுபவரின் கால்தான் முதலில் மாட்டும். சில ஆம்னிகளில் சமையல் எரிவாயு சிலிண்டரை வைத்து ஓட்டுகிறார்கள். அது வண்டி அல்ல, வெடிகுண்டு. ஆர்.சி.யில் எரிவாயு என்று பதிவாகாத எந்த வண்டியையும் தொடக்கூடாது.

ஷெவர்லே டவேரா மலிவாக வரும். ஆனால் அந்தக் கம்பெனி 2017-ல் இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது. மகிந்திரா சைலோ, டாடா சுமோ ஆகியவையும் 2019-ல் நின்றுபோயின. இவற்றை வாங்குமுன், வில்லியனூரிலோ புதுவையிலோ பாகம் கிடைக்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட வேண்டும்.

ஒரு பொது விதி உண்டு. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரல் முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயம். ஓட்டுபவருக்குக் காற்றுப்பை 2019 ஜூலை முதல் கட்டாயம். பக்கத்தில் இருப்பவருக்கும் 2022 முதல் கட்டாயம். ஆகவே பெரிய பழைய வண்டியைவிட, சிறிய புதிய வண்டி உயிருக்கு நல்லது. பளபளப்பான சக்கரமும் பாட்டுப் பெட்டியும் விபத்தில் யாரையும் காப்பாற்றா.

பல்லைப் பார்க்காமல் மாடு வாங்குவதா?

மதகடிப்பட்டில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை கூடும். அங்கே போகிற விவசாயி என்ன செய்கிறார்? மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். சுழி பார்க்கிறார். நடக்க விட்டுப் பார்க்கிறார். அதே விவசாயி, மாட்டைவிடப் பல மடங்கு விலையுள்ள வண்டியைப் பெயின்டைப் பார்த்து வாங்கலாமா?

வண்டியைக் காலையில், என்ஜின் சூடேறுமுன் பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை வந்தால் எரிபொருள் சரியாக எரியவில்லை. வெண்புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே கசிகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? அந்த வண்டி வேண்டாம்.

டயருக்கும் வயது உண்டு. டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும். 2319 என்றால், 2019-ம் ஆண்டு 23-வது வாரம் தயாரானது என்று பொருள். இதைப் படிக்க எண் தெரிந்தால் போதும். பள்ளிப் பிள்ளையே படித்துச் சொல்லிவிடும். பூ தேயாமல் இருந்தாலும் வயதான டயர் வெடிக்கும்.

மீட்டரைத் திருப்பி வைப்பவர்கள் உண்டு. 40,000 கிலோ மீட்டர் என்று மீட்டர் காட்டும். ஆனால் பிரேக் மிதியில் ரப்பர் தேய்ந்திருக்கும். ஸ்டியரிங் வழவழத்திருக்கும். டிரைவர் இருக்கை குழிந்திருக்கும். மீட்டர் பொய் சொல்லலாம், மிதி பொய் சொல்லாது.

வாங்கப் போகும்போது ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். கடைசி வரிசைக்குப் பாட்டியால் போக முடிகிறதா? எல்லா இருக்கைக்கும் பெல்ட் இருக்கிறதா? ஏழு பேர் வண்டி என்றால் ஏழு பெல்ட் வேண்டும். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போவது பாசம் அல்ல, ஆபத்து.

சொந்தச் செலவில் ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போவது நல்லது. அவர் விற்பவரின் ஆளாக இருக்கக்கூடாது. அவருக்குக் கொடுக்கும் 1,000 ரூபாய் வீண் அல்ல.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2021-ல் சங்கராபரணி வெள்ளம் செல்லிப்பட்டுப் படுகை அணையையே உடைத்தது. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுவை அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 40 சென்டி மீட்டருக்கு மேல் மழை கொட்டியது. புதுவையில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. சென்னையிலும் 2015-லும் 2023-லும் இதே கதி.

அந்த வண்டிகள் எல்லாம் எங்கே போயின? பல, கழுவித் துடைத்துப் பழைய வண்டிச் சந்தைக்குப் போயின. தண்ணீர் புகுந்த வண்டியின் மின் கம்பிகள் மெல்ல மெல்ல அரிக்கும். இன்று ஓடும், ஆறு மாதம் கழித்து நடுரோட்டில் நிற்கும். தீப்பிடிக்கவும் கூடும்.

கண்டுபிடிப்பது கடினம் அல்ல. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பார்த்தால், உள்ளே சேற்றுக் கறை தெரியும். இருக்கைக்கு அடியில் உள்ள இரும்பில் துரு இருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண் இருக்கும். கண்ணாடிகளை மூடிவிட்டு உட்கார்ந்தால் ஈர நாற்றம் வரும். வாசனைத் திரவியம் அதிகமாக மணக்கிறதா? அதுவும் ஓர் அடையாளமே.

பேர் மாற்றாத வண்டி

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து காகிதத்தில்தான் இருக்கிறது.

"பேரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லி வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் பலர். இதனால் விற்றவரும் கெடுகிறார், வாங்கியவரும் கெடுகிறார்.

ஒரு வழக்கு. வட நாட்டில் ஒருவர் 2007-ல் தமது காரை விற்றார். அது பல கை மாறியது. ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆளின் பெயர் அப்படியே இருந்தது. 2009-ல் அந்தக் கார் மோதி ஓர் உயிர் போயிற்று. நஷ்டஈடு யார் கொடுப்பது? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. காரை விற்று இரண்டு ஆண்டு கழித்து நடந்த விபத்துக்கு, விற்றவர் தலையில் விழுந்தது சுமை!

வாங்கியவருக்கு என்ன கேடு? அவர் பெயரில் வண்டி இல்லை. காப்பீடும் அவர் பெயரில் இல்லை. வண்டி நொறுங்கினால் தமது வண்டிக்குக் கேட்டுப் பெற அவருக்கு வழி இல்லை.

ஆகவே பணம் கொடுக்கும் அன்றே படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்ற மனுக் கொடுக்க வேண்டும். 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத வேண்டும். வண்டியின் மேல் கடன் இருந்தால், படிவம் 35-ம் பாங்கியின் கடன் தீர்ந்த கடிதமும் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் பாங்கிக்காரர் வந்து வண்டியைக் கொண்டுபோய்விடுவார்.

வெற்றுப் படிவத்தில் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது. எழுதப் படிக்கப் புதிதாகக் கற்றவர்கள், படிவத்தை வீட்டில் உள்ள பள்ளிப் பிள்ளையிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மத்திய அரசின் "பரிவாகன்" சேவையில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, காப்பீடு, கடன் விவரம் தெரியும். அதோடு ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு ஒத்திருக்கின்றனவா என்று நேரில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. "சும்மா நிற்கும் நாளில் வாடகைக்கு விட்டால் கடன் அடையுமே" என்று சிலர் எண்ணுகிறார்கள். வெள்ளை நம்பர் பலகை வண்டி வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான். வாடகைக்கு விட பர்மிட் வேண்டும். பர்மிட் இல்லாமல் ஆள் ஏற்றி விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கும். கடனை அடைக்கப் போய், நிலத்தை விற்க நேரும்.

அரசாங்கத்தின் கடமை

பொறுப்பு முழுவதையும் ஏழையின் தலையில் வைப்பது நியாயம் அல்ல. பழைய வண்டி விற்கும் கடைக்காரர்கள் அரசின் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று 2022 டிசம்பரில் மத்திய அரசு விதி செய்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அங்கீகாரம் பெற்ற கடையில் வண்டியை ஒப்படைத்து முறைப்படி தெரிவித்துவிட்டால், அதன்பின் பொறுப்புக் கடைக்காரரைச் சேரும். நல்ல விதி. ஆனால் விதி காகிதத்தில் இருந்தால் போதுமா? கிராமத்துக்குத் தெரிய வேண்டாமா?

புதுவைப் போக்குவரத்துத் துறை, அங்கீகாரம் பெற்ற கடைகளின் பட்டியலை ஒவ்வொரு கொம்யூன் அலுவலகத்திலும் பெரிய எழுத்தில் தமிழில் ஒட்ட வேண்டும். மாதம் ஒரு நாள், குறைந்த கட்டணத்தில் பழைய வண்டிகளைச் சோதித்துச் சொல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். படிவங்கள் எளிய தமிழில் கிடைக்க வேண்டும்.

அதைவிட முக்கியம் பஸ். கிராமங்களுக்கு நேரத்தில் பஸ் வந்தால், வயதானவர்கள் ஏறும்படி படி தாழ்வாக இருந்தால், கடன்பட்டு வண்டி வாங்க நினைப்பவர்களில் பாதிப் பேர் அந்த எண்ணத்தை விட்டுவிடுவார்கள். ஏழு பேர் போகும் வண்டியைப் பற்றிப் பேசும்போது, ஐம்பது பேர் போகும் வண்டியை அரசாங்கம் மறந்துவிடக்கூடாது.

வண்டி அந்தஸ்துக்காக அல்ல. பாட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்புவதற்காக. பிள்ளைகள் திருவிழா பார்த்துவிட்டு உறங்கிக்கொண்டே வீடு வருவதற்காக. கணக்குப் பார்த்து, வண்டியைப் பார்த்து, காகிதத்தைப் பார்த்து வாங்கும் குடும்பத்துக்கு அந்த நிம்மதி கிடைக்கும். பக்கத்து வீட்டைப் பார்த்து வாங்கும் குடும்பத்துக்குக் கடன்தான் மிஞ்சும்.